அழுக்குக்கும் ஆண்டு உண்டு

விடுதியில் என் எதிரறையில் இருக்கும் நண்பர் இயற்பியல் ஆய்வாளர். ரயில் மாதிரிகள் செய்வது அவருடைய ஞாயிற்றுக்கிழமை வேலை. சென்ற மாதம் பிரித்தானிய ரயில்வேயின் 16 டன் நிலக்கரி வேகன் ஒன்றை முடித்திருந்தார். உண்மை வேகனின் நீளம் பதினாறரை அடி. மேசைமேல் இருந்ததன் நீளம் 66 மில்லிமீட்டர். வெளிர்சாம்பல் வண்ணமும், கருங்கட்டத்துள் வெள்ளை எண்களும், பக்கவாட்டில் சரிந்தேறும் வெள்ளைக் கோடும் பிசிறின்றி அமைந்திருந்தன. அடுத்த மூன்று வாரங்களை அதை அழுக்காக்குவதில் செலவிட்டார். இவ்வளவு அழகாகச் செய்துவிட்டு ஏன் பாழாக்குகிறீர்கள் என்று கேட்டேன். "இப்போது இது எந்த ஆண்டிலும் இல்லை. அழுக்கு ஏறினால்தான் ஆண்டு தெரியும்" என்றார். இந்த நெடும்பதிவு அந்த விடையிலிருந்து தொடங்குகிறது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். மொழியியல் படித்தவனுக்கு அதைத் தாண்டிப் போக இயலாது. ஆங்கிலத்தில் இவ்வேலைக்கு ‘வெதரிங்’ என்று பெயர். வானிலையைக் குறிக்கும் பெயர்ச்சொல்லே அங்கு வினையாகி, வெயிலிலும் மழையிலும் தேய்வதையும் குறிக்கிறது, புயலைத் தாங்கி மீள்வதையும் குறிக்கிறது. அழிவும் தாக்குப்பிடித்தலும் ஒரே வினைக்குள் இருக்கின்றன. நம் புவியியல் பாடநூல்கள் பாறைக்கு நேரும் இதே நிகழ்வைச் ‘சிதைவு’ என்கின்றன. அச்சொல் வேகனுக்குப் போதாது. எனக்குத் தோன்றிய சொல் நம் அடுக்களையில் கிடக்கிறது: பழக்குதல். புதுத் தோசைக்கல்லை எண்ணெய் தடவிச் சூடாக்கி, வெங்காயத்தால் தேய்த்துப் பழக்குகிறோம். புது மண்சட்டியில் கஞ்சித் தண்ணீர் ஊற்றிப் பழக்குகிறோம். பழைய, பழகு என்னும் இரண்டும் ஒரே வேரின. கல் பழகிவிட்டது என்று அம்மா சொன்னால் அது கெட்டுவிட்டது என்று பொருளன்று; அதன் கருமை வேலைக்கு வந்துவிட்டதன் அடையாளம். வேகனுக்கு நண்பர் செய்ததும் அதுதான். இனி இப்பதிவில் அச்சொல்லையே ஆள்கிறேன்.

பழக்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வரலாற்றுச் செய்தி அதற்குள்தான் இருக்கிறது. அடிவண்ணம் காய்ந்தபின் அதன்மேல் அக்ரிலிக் வார்னிஷ் ஒன்றைப் பூசுகிறார்கள். எழுத்துகளும் எண்களும் அதன்கீழ்ப் பத்திரமாகின்றன. பிறகு பழுப்பும் கறுப்பும் கலந்த எனாமலை வைட் ஸ்பிரிட்டில் நீர்க்கக் கரைத்துப் பெட்டி முழுவதும் தடவுகிறார்கள். அது கசங்கிய சேற்று நிறத்தில் எங்கும் படிந்துவிடும். சற்று உலர்ந்ததும், தட்டைத் தூரிகையை ஸ்பிரிட்டில் நனைத்து, பிழிந்து, மேலிருந்து கீழாக இழுத்துத் துடைக்கிறார்கள். மழைநீர் ஓடும் திசை அது. குறுக்கே இழுத்தால் கண் உடனே பொய்யைக் கண்டுகொள்ளும். துடைக்கத் துடைக்க, தறையாணிகளின் ஓரத்திலும் பலகைகளின் இடுக்கிலும் மட்டும் அழுக்குத் தங்குகிறது. ஸ்பிரிட் எனாமலைக் கரைக்கும், காய்ந்த அக்ரிலிக்கைத் தொடாது. ஆகவே எத்தனை முறை துடைத்தாலும் கீழே இருக்கும் எழுத்துக்கு ஊறில்லை. வார்னிஷ் இங்கு பளபளப்புக்காகப் பூசப்படுவதில்லை. காலத்தின் ஓர் அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் இடையே எழுப்பும் சுவர் அது. ஓவியங்களைச் செப்பனிடும் வல்லுநர்களும் இவ்வாறே மூல ஓவியத்தின்மேல் ஒரு வார்னிஷ் திரையிட்டு, தம் திருத்தங்களை அதன்மேல் செய்வார்கள். பின்னாளில் வருபவர் வேண்டாமென்று கருதினால் மூலத்தைத் தொடாமல் அத்திருத்தத்தை நீக்கலாம்.

அடுத்தது துரு. நிலக்கரியில் கந்தகம் உண்டு. நனைந்த கரி இரும்பை உள்ளிருந்து அரிக்கும். எனவே இந்த வேகனின் உட்புறம் வெளிப்புறத்தைவிடத் துருவேறியிருக்க வேண்டும். சக்கரங்களுக்கு மேலுள்ள சட்டகத்தின் பழுப்பு வேறு வகை. வார்ப்பிரும்புப் பிரேக் கட்டைகள் தேய்ந்து பறந்த இரும்புத்தூள் படிந்தது அங்கே. பிரித்தானிய வண்ணக் குப்பிகளில் சட்டக அழுக்கு, கட்டை அழுக்கு, கூரை அழுக்கு என்று தனித்தனிப் பெயர் ஒட்டி விற்கிறார்கள் என்று நண்பர் காட்டினார். இரும்பில் ஏறுவதற்குத் துரு, செம்பில் ஏறுவதற்குக் களிம்பு, கூரையிலிருந்து தொங்குவதற்கு ஒட்டடை, பாதையிலிருந்து எழுவதற்குப் புழுதி என்று பகுத்துவைத்த மொழிக்காரனுக்கு அதில் வியப்பில்லை. ஆனால் அழுக்கைக் குப்பியில் அடைத்து விலைக்கு விற்பது எனக்குப் புதிது.

இறுதியில் கரித்தூளும் வண்ணப்பொடியும் தூவி, எல்லாவற்றின்மேலும் மேட் வார்னிஷ் தெளிக்கிறார்கள். அதில் கலந்துள்ள நுண்ணிய சிலிக்காத் துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் பொம்மைக்குரிய மினுமினுப்பு அடங்கிவிடுகிறது. அதே வார்னிஷ் பொடியின் பாதியை விழுங்கியும் விடுகிறது. எவ்வளவு விழுங்கும் என்று கணித்து முன்கூட்டியே மிகுதியாகத் தூவுவதில்தான் கைப்பழக்கம்.

வண்ணமும் வார்னிஷும் கொண்டு காலத்தைப் போலிசெய்யும் கலைக்கு நெடிய முன்வரலாறு உண்டு. கிரேக்க ஓவியர் அப்பெல்லீஸ் தம் ஓவியங்கள்மேல் மெல்லிய கரும்பூச்சு ஒன்றைப் பூசினார் என்றும், அது வண்ணங்களின் கூர்மையைத் தணித்தது என்றும் உரோமானிய அறிஞர் பிளினி எழுதினார். 1681இல் பால்டினூச்சி தம் கலைச்சொல் அகராதியில், காலம் ஓவியங்களின்மேல் படரவிடும் பொதுவான இருண்ட சாயலுக்கு ‘பாத்தினா’ என்னும் பதிவைச் சேர்த்தார். அது சில வேளைகளில் ஓவியத்துக்கு நன்மையும் செய்யும் என்றார். காலம் ஒரு நல்ல ஓவியர் என்னும் கருத்து அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்தில் செல்வாக்குப் பெற்றது. 1711இல் அடிசன் ஓவியக்கூடம் ஒன்றைக் கனவாக வரைந்த கட்டுரையில், தூரிகையுடன் வந்து பழைய ஓவியங்களைக் கனியச் செய்யும் முதியவராகக் காலமே வருகிறது.

இதற்கு ஹோகார்த் எழுதிய மறுப்பு எனக்கு மிகவும் பிடித்தது. 1761இல் அவர் அச்சிட்ட செதுக்கோவியத்தில், உடைந்த சிலையொன்றின்மேல் காலக்கிழவர் அமர்ந்து, குழாயில் புகைபிடித்து, எதிரே நிறுத்திய நிலக்காட்சி ஓவியத்தின்மேல் அப்புகையை ஊதுகிறார். அவருடைய அரிவாள் திரைச்சீலையைக் கிழித்துவிட்டது. அருகில் பெரிய சாடி ஒன்று இருக்கிறது. அதன்மேல் வார்னிஷ் என்று எழுதியிருக்கிறது. பழுத்த ஓவியங்களுக்கு அதிக விலை கொடுத்தவர்களையும், புது ஓவியங்களைப் புகையூட்டி விற்ற வணிகர்களையும் ஒரே படத்தில் எள்ளினார் ஹோகார்த்.

எள்ளல் பலிக்கவில்லை. அரை நூற்றாண்டுக்குப் பின்னும் சர் ஜார்ஜ் பியூமாண்ட் என்னும் செல்வந்த ரசிகர், ஓவியம் பழைய வயலினின் நிறத்தில் இருக்க வேண்டும் என்று கான்ஸ்டபிளுக்கு அறிவுரை சொன்னாராம். கான்ஸ்டபிள் ஒரு பழைய வயலினை எடுத்துச் சென்று வீட்டின் முன்னிருந்த பசும்புல்மேல் வைத்துக் காட்டினார் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய லெஸ்லி கூறுகிறார். 1947இல் லண்டன் தேசிய ஓவியக்கூடம் தூய்மைசெய்த ஓவியங்களைத் தனிக் காட்சியாக வைத்தபோது இப்பூசல் மீண்டும் எழுந்தது. பழுப்பு வார்னிஷைத் துடைத்தபோது ஓவியர் தாமே பூசிய மெல்லிய சாயலையும் துடைத்துவிட்டார்களா என்பது கேள்வி. 1949இல் இத்தாலியச் செப்பனிடல் அறிஞர் செசாரே பிராந்தி அதை எழுப்பினார். 1962இல் கோம்ப்ரிச் பிளினியின் அந்த ஒற்றைக் குறிப்பையே மையமாக்கி மீண்டும் எழுப்பினார். ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு சொற்றொடர், இருபதாம் நூற்றாண்டு ஆய்வுக்கூடத்தில் பஞ்சும் கரைப்பானும் ஏந்திய கையைத் தடுத்து நிறுத்தியது. மொழி சார்ந்த ஆய்வினால் யாருக்கு என்ன பயன் என்று கேட்கும் உறவினர்களுக்கு இதைச் சொல்லலாமென்று குறித்துவைத்திருக்கிறேன்.

இனி ரயிலுக்கு வருவோம். மாதிரி ரயில்கள் பொம்மைகளாகப் பிறந்தவை. பொம்மை மின்ன வேண்டும். 1899இல் நார்தாம்ப்டனில் தொடங்கிய பாசெட்-லோக் நிறுவனமும், 1920இல் தகரவண்டிகளை விற்கத் தொடங்கிய லிவர்பூலின் ஹார்ன்பியும் விற்ற பெட்டிகள் கடைச் சாளரத்தில் கண்ணைப் பறிக்கும்படி செய்யப்பட்டவை. அவற்றை மங்கலாக்கலாம் என்னும் எண்ணம், வண்டியை விட்டு அதைச் சுற்றியுள்ள நிலத்தையும் ஊரையும் மாதிரியாக்கத் தொடங்கியவர்களிடம்தான் வலுப்பெற்றது. லண்டனில் காப்பீட்டுத் தொழிலில் இருந்த ஜான் ஆகெர்ன், 1930களின் பிற்பகுதியில் ‘மேடர் வேலி’ என்னும் கற்பனைக் கிளைத்தடத்தை அமைத்தார். துறைமுகமும் சத்திரமும் சாய்ந்த கூரைகளும் கொண்ட அச்சிற்றூரில் பளபளக்கும் வண்டி பொருந்தாது. அது இன்றும் ஆக்ஸ்ஃபோர்டுஷையரில் பெண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் மாண்டெரேயில், ஜான் ஆலன் என்னும் ஒளிப்படக் கலைஞர் தம் வீட்டு நிலவறையில் ஒரு மலைநாட்டு ரயிலையே படைத்தார். துருவும் சிதைந்த பலகையும் அவருக்கு அலங்காரமல்ல, கதை. 1973 ஜனவரியில் அவர் இறந்தார். சில நாட்களுக்குள் தீப்பற்றி அந்த மாதிரியுலகின் பெரும்பகுதி அழிந்தது. பிரித்தானியர்களுக்கு இக்கலையின் பாடநூலாக அமைந்தது 1993இல் வெளிவந்த மார்ட்டின் வெல்ச்சின் நூல். அதன் அடிப்படை எளிது: பிறருடைய மாதிரியைப் பார்த்து அழுக்காக்காதே, உண்மை வேகனைப் பார்.

இந்த அறிவுரை ஏன் வரலாற்று முறையியலாகிறது? அழுக்கு எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை என்பதால்தான். முதல் உலகப்போருக்கு முன் பிரித்தானிய எஞ்சின்கள் உண்மையிலேயே மின்னின. ஒவ்வொரு கொட்டகையிலும் துடைப்பாளர்களாகச் சிறுவர்கள் பலர் இருந்தார்கள். எஞ்சின் ஓட்டுநராக விரும்பும் ஒருவன் துடைப்பாளனாகத் தொடங்கி, கரியள்ளுபவனாகி, பல ஆண்டுகளுக்குப் பின்பே ஓட்டுநர் இடத்துக்கு ஏற முடியும். அந்த மினுக்கம் மலிந்த இளங்கைகளின் உழைப்பு. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அவ்வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. அதைவிட நல்ல கூலி தரும் தூய வேலைகள் வெளியே இருந்தன. 1968 ஆகஸ்டில் நீராவி முடிவுக்கு வரும்போது எஞ்சின்களின் எண்ணைக்கூடப் படிக்க முடியாதபடி கரி அப்பியிருந்தது. ஆகவே 1910ஆம் ஆண்டு எஞ்சினைக் கரிபூசிக் காட்டுபவரும், 1966ஆம் ஆண்டு எஞ்சினைத் துலக்கிக் காட்டுபவரும் ஒரே பிழையைச் செய்கிறார்கள். இருவரும் கூலி வரலாற்றை அழிக்கிறார்கள்.

வேகன்களின் கதை வேறு. அவற்றுக்குத் துடைப்பாளர் எக்காலத்திலும் இல்லை. பிரித்தானிய நிலக்கரி வேகன்களில் பெரும்பகுதி ரயில் நிறுவனங்களுக்குச் சொந்தமானவை அல்ல. சுரங்க முதலாளிகளும் கரி வணிகர்களும் தத்தம் பெயரைப் பெரிய எழுத்துகளில் எழுதி ஓடவிட்டவை. சிவப்பு, கறுப்பு, பழுப்பு என்று ஓடும் விளம்பரப் பலகைகளாகவே இருந்தன. 1939இல் போர் தொடங்கியதும் அரசு அவற்றை எல்லாம் பொதுத்தொகுப்பில் சேர்த்தது. உரிமையாளரிடம் திரும்பிச் செல்ல வேண்டிய தேவை அற்றது. பெயரைப் புதுப்பிப்பதால் எவருக்கும் ஆதாயமில்லை. உடைந்த பலகைக்கு மாற்றாக வண்ணமற்ற புதுப் பலகையைப் பொருத்தினார்கள். பெயரின் நடுவே இரண்டு எழுத்துகள் காணாமற் போயின. 1948 ஜனவரி 1 அன்று நாட்டுடைமை நடைமுறைக்கு வந்தபோது, ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட இத்தகைய வேகன்கள் புதிய அரசு ரயில்வேயின் கைக்கு வந்தன. எல்லாவற்றுக்கும் புதுவண்ணம் பூச நேரமும் பணமும் இல்லை. மூலையில் சிறு கருங்கட்டம் தீட்டி, ‘பி’ என்னும் முன்னெழுத்தோடு ஓர் எண்ணை எழுதிவிட்டார்கள். சற்று மேலே, வெளிறிய மரத்தில், முதலாளியின் பெயர் ஆவியைப்போல் இன்னும் தெரிந்துகொண்டிருந்தது.

தோற்சுவடியில் பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டுப் புதிய எழுத்தை எழுதியது போன்றது இது. ஆனால் இங்கு சுரண்டியவர் எவருமில்லை. கவனிப்பு நின்றது, அவ்வளவே. சொத்துரிமை மாறியதை நாடாளுமன்றச் சட்டம் ஒரே நாளில் அறிவித்தது. மரப்பலகை அதையே பத்தாண்டுக் காலம் மெல்ல மெல்ல அறிவித்தது. அந்த மரவேகன்களின் இடத்துக்குத்தான் நண்பரின் மேசைமேல் இருந்த எஃகு வேகன் வந்தது. அவ்வகையில் இரண்டு லட்சத்துக்கும் மேல் கட்டப்பட்டன. அதற்கு முதலாளியின் பெயரே கிடையாது. அதில் படிக்கக் கிடைப்பது எண், எடை, துரு ஆகிய மூன்றுமே.

இனிச் சான்றுச் சிக்கல். 1900ஆம் ஆண்டு வேகனின் அழுக்கை எங்கே போய்ப் பார்ப்பது? ஆவணக்காப்பகங்களில் கிடைப்பவை பெரும்பாலும் தொழிற்சாலை எடுத்த ஒளிப்படங்கள். க்ளாஸ்டர் வேகன் தொழிற்சாலையின் படங்கள் இத்துறையில் புகழ்பெற்றவை. புதிதாக வண்ணம் பூசிய வேகன், நேர் பக்கவாட்டுத் தோற்றம், அருகே விவரப்பலகை. எழுத்தின் வடிவத்தை அறிய அவற்றைவிடச் சிறந்த சான்று இல்லை. ஆனால் அது வேகனின் முதல் நாள். அடுத்த நாற்பது ஆண்டு உழைப்பைப் பற்றி அப்படம் வாய் திறப்பதில்லை. கல்வெட்டுகளோடு புழங்கும் நமக்கு இது தெரிந்த சிக்கலே. மெய்க்கீர்த்தியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு சோழ மன்னனின் ஆட்சியை எழுதினால் தோல்வியே காணாத ஆட்சிதான் கிடைக்கும். வரிநீக்கமும் நிலவிற்பனையும் வழக்கும் பதிவான கீழ்ப்பகுதிக்கு இறங்கினால்தான் ஊர் தெரியும். ரயிலில் அந்தக் கீழ்ப்பகுதி, வேறெதையோ எடுக்கப்போன படத்தின் ஓரத்தில் தற்செயலாக நின்ற வேகன். நிலையத் தலைவரின் குடும்பப் படத்துக்குப் பின்னால், விபத்துப் படத்தின் மூலையில், வேலைநிறுத்தப் படத்தின் பின்னணியில் அது நிற்கிறது.

அங்கும் ஒரு பொறி இருக்கிறது. அக்கால ஒளிப்படத் தகடுகளும் சுருள்களும் பெரும்பாலும் சிவப்பொளியை உணராதவை. செந்துரு அவற்றில் ஏறத்தாழக் கறுப்பாகவே விழும். கரிப்பூச்சும் துருவும் ஈரமும் ஒன்றுபோல் தெரியும். போதாக்குறைக்கு, அக்கால வண்ணங்களில் ஈயத்திலிருந்து செய்த வெள்ளை நிறமி இருந்தது. நகரக் காற்றின் கந்தகத்தால் அது கருத்துவிடும். ஆகவே வெளிர்சாம்பலாகத் தொழிற்சாலையை விட்டுப் போன வேகன் சில ஆண்டுகளில் எந்தச் சாம்பலாயிற்று என்று மாதிரிக்காரர்கள் இன்றும் சண்டையிட்டுக்கொள்கிறார்கள். இதை வேலையற்றவர்களின் வீண்வாதம் என்று நான் முதலில் நினைத்தேன். ஒரே சாசனத்தில் ஓர் எழுத்து ‘ழ’வா ‘ள’வா என்று நாங்கள் மூன்று கருத்தரங்குகளில் பேசியது நினைவுக்கு வந்தபின் அந்த எண்ணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

அப்படியானால் இது போலிச்சான்று உருவாக்கும் வேலையாகாதா என்று ஒரு மாணவர் கேட்கக்கூடும். கருவிகள் ஒன்றே. டச்சுக்காரர் ஹான் வான் மேகெரென் தம் போலி வெர்மீர் ஓவியங்களைப் பிசினில் தீட்டி, அடுப்பில் சுட்டு, உருளையில் சுற்றி வெடிப்புண்டாக்கி, அவ்வெடிப்புகளில் கருமையை ஊறவைத்தார். நண்பர் தறையாணிகளைச் சுற்றி எனாமலை ஊறவைத்ததும் அதே செயல். வேறுபாடு அறிவிப்பில் இருக்கிறது. மேகெரென் தாம் செய்த ஆண்டை மறைத்தார். மாதிரிக்காரரோ 66 மில்லிமீட்டர் அளவிலேயே ‘இது நான் செய்தது’ என்று சொல்லிவிடுகிறார். எவரும் அதில் கரி ஏற்றப்போவதில்லை.

இருந்தும் என் உறுத்தல் முழுதும் தீரவில்லை. கண்காட்சிப் படங்களில் காணும் வேகன்கள் பலவும் ஒரே அளவில் துருவேறி, ஒரே பழுப்பில் தோய்ந்திருக்கின்றன. பியூமாண்டின் வயலின் திரும்பி வந்துவிட்டது. உண்மை ரயிலில் நேற்றுப் பணிமனையிலிருந்து வந்த வேகனும் பத்தாண்டு கவனிப்பாரற்ற வேகனும் அடுத்தடுத்துக் கோக்கப்பட்டிருக்கும். எல்லாவற்றையும் சமமாகப் பழக்கினால் அது ஆண்டைக் காட்டாது, ஏக்கத்தை மட்டுமே காட்டும். அந்த ஏக்கத்தில் கரியை வெட்டியவருக்கும் இறக்கியவருக்கும் இடமில்லை. அழகான துரு மட்டும் மிஞ்சும்.

வேலை முடியும் தறுவாயில் நண்பர் என்னிடம் ஓர் உதவி கேட்டார். இவ்வகை வேகன்களின் பக்கங்களில் தண்டவாளத் தொழிலாளர்கள் சாக்குக்கட்டியால் எதையெதையோ எழுதியிருப்பார்கள்: சேரிடம், எடை, தேதி, பழுது. நீ எழுத்து படிப்பவன், என்ன எழுதலாம் என்று சொல் என்றார். இரண்டு மாலைகள் பழைய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாதிக்கு மேல் படிக்க முடியவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக எழுதப்பட்டு, மழையில் கரைந்து, மீண்டும் எழுதப்பட்டவை. அடுத்த நிலையத்தில் இருக்கும் ஒருவர் படித்தால் போதும் என்று எழுதியவை. அவர் படித்ததோடு அவற்றின் ஆயுள் முடிந்தது. தெளிவாகத் தெரிந்த ஓர் எண்ணையும், அதன்கீழ் ஒரு குறுக்குக் கோட்டையும் மட்டும் தாளில் எழுதிக் கொடுத்தேன். படிக்க முடியாதவற்றை இட்டுக்கட்ட வேண்டாம், மங்கிய கீறல்களாகவே விட்டுவிடுங்கள் என்றேன்.

வெள்ளைப் பென்சிலைக் கூராக்கி அவர் அந்த எண்ணை எழுதினார். அரை மில்லிமீட்டர் உயரம். கீறல்களை விரல்நுனியால் தேய்த்து மங்கவைத்தார். பின்னர் சாளரத்தைத் திறந்துவைத்து, மேட் வார்னிஷைத் தெளித்தார். ஒரே மழைக்குத் தாங்காத எழுத்து அது. மறுநாள் காலை தொட்டுப் பார்த்தேன், கையில் ஒட்டவில்லை.